எந்தப் பூச்சி

எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம், சார். பஸ்ஸில் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் குனிந்து காதைக் கொடுப்பார். அதனால் நான் மெதுவாகப் பேசுவதை எதையோ மறைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்கிறேன்.

முதலில் என் அப்பா வைத்தியலிங்கத்தை விட்டுவிடுங்கள். மருதையன் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தவர். குத்தகைப் பதிவில் அவர் பெயர் ஏறியதிலிருந்து அப்பாவுக்கும் அவருக்கும் வழக்கு. அதனால் விவசாயச் சங்கத்துக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். வைத்தியலிங்கம் கார் தர மறுத்து மருதையனைச் சாகவிட்டார், பிறகு நடந்ததற்கும் அவரே காரணம் என்கிறார்கள். எங்கள் வீட்டு ஓலைப்பெட்டி கிடைத்ததும் நீங்களும் அதையே நம்பிவிட்டீர்கள். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தவறு. தவறான முடிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால்தான் நடந்தே வந்தேன்.

இன்னொன்று. மருதையனைக் கடித்த பாம்பை நான் அடையாளம் தெரியாமல் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். “பாவம், படிச்ச புள்ள, தெரியாம சொல்லிடுச்சு” என்கிறார்கள். அதுவும் சரியல்ல. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

துரைக்கண்ணுவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு இந்தப் பக்கம் புதிது என்று நினைக்கிறேன். அவருக்குக் கொஞ்சம் நிலம், ஒரு பசு, ஒரு மகள். மனைவி இல்லை. பாம்புக்கடிக்கு மந்திரம் சொல்வார். அதற்குக் காசு வாங்க மாட்டார், வெற்றிலைகூட வாங்க மாட்டார். மோசடிக்காரராக இருந்திருந்தால் என் வேலை எளிதாகியிருக்கும்.

கடிபட்டவரை அவரிடம் தூக்கிப் போக வேண்டியதில்லை. அதுதான் அவருடைய விசேஷம். யாராவது ஒருவர் தம் துண்டின் முனையில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு, வழியில் ஒருவரோடும் பேசாமல், அவர் வீட்டுக்கு ஓட வேண்டும். பாம்பு என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. “பூச்சி தொட்டுடுச்சு” என்றுதான் சொல்ல வேண்டும். அவர் “எந்தப் பூச்சி?” என்று கேட்பார். நல்லதா, விரியனா, தண்ணீரில் கிடப்பதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மந்திரம். சொல்லி முடித்து முடிச்சை அவிழ்ப்பார். அவிழ்ந்தவுடன் எங்கோ கிடக்கிறவர் உடம்பிலிருந்து விஷம் இறங்கிவிடும். கூத்தாநல்லூரிலிருந்துகூட சைக்கிளில் ஆள் வரும். ஒரத்தநாடு கடைத்தெருவில் பகுத்தறிவுக் கூட்டம் போட்டு, மந்திரமாவது மாயமாவது என்று மைக்கில் முழங்கியவர், தம்பியைப் பூச்சி தொட்டபோது துண்டில் முடிச்சோடு ஓடிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கும்பகோணத்தில் விலங்கியல் படித்தேன். வயலில் கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. விஷமுள்ள பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. ஆகவே துரைக்கண்ணு என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், பத்தில் எட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். “அந்த எட்டுப் பேரு வந்து உன்கிட்ட சொன்னாங்களாக்கும்” என்றார்.

உண்மையான சிக்கல் வேறு. எங்கள் ஊரில் இரண்டையும் செய்வார்கள். துரைக்கண்ணுவிடம் ஓர் ஆள் ஓடும். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வண்டி ஓடும். பிழைத்தால் முடிச்சு அவிழ்ந்தது. இறந்தால் ஊசி போட்டுக் கெடுத்துவிட்டார்கள். இப்படிக் கலந்துவிட்டால் எதனால் எது நடந்தது என்று ஒருநாளும் தெரியாது. யாராவது ஒருமுறையாவது இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நான் முதலில் அவரிடமே பேசிப் பார்த்தேன். அவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மகள் அமிர்தம் அடுத்த முனையைப் பிடித்திருந்தாள்.

“வாங்க பாப்பா. காலேஜில தவளையைக் கீறுவாங்களாமே? நெசமா?”

“ஆமாம்.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“இதயம், குடல், ஈரல்.”

“கீறினப்புறம் திருப்பித் தைப்பீங்களா?”

“இல்லை.”

“அப்ப அது சங்கதி தவளைக்குத்தான் தெரியும்” என்றார். அமிர்தம் சிரித்தாள். கயிறு கையை விட்டு நழுவிப் பிரிந்துபோனது. “அப்பா, அக்கா மூஞ்சியப் பாரு, பாவம்” என்று சொல்லி இன்னும் சிரித்தாள். என்னையும் சேர்த்துக்கொள்கிற சிரிப்புதான். மோர் கொடுத்தாள்.

எனக்குப் பதில் உடனே வராது. வீடு திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் நடக்கும்போதுதான் வந்தது. நல்ல பதில்கள். சொல்ல ஆள் இல்லை. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து கை கழுவிவிடுவேன். கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பேன். தைக்க எடுத்த துணியை வைத்துவிட்டு மறுபடி எடுப்பேன். மாப்பிள்ளை பார்க்கிற வயசு, அதனால்தான் என்று அம்மா நினைத்தாள். ஒரு விஷயம் சரியா தவறா என்று தெரியாமல் இருப்பது, கண்ணில் விழுந்த உமி மாதிரி, சார். மற்றவர்களால் எப்படித் தூங்க முடிகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

குறுவை அறுப்பு நடந்தது. ஒருநாள் காலையில் மருதையன் கதிர்க்கட்டைத் தூக்கும்போது மணிக்கட்டில் கடி. கூட இருந்தவர்கள் பாம்பை அடித்து, கம்பில் தொங்கவிட்டு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மருதையன் நடந்தே வந்தார். வலி இல்லை, வீக்கம் இல்லை. அவர் மனைவி நீலாம்பாள்தான் அழுதுகொண்டு வந்தாள்.

“கட்டுக் கட்டா வெள்ளை ஓடுது, சின்னம்மா. கட்டுவிரியனாட்டம் இருக்கு.”

அப்பா வாசலுக்கு வந்தார். பாம்பைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். அவருக்குச் செத்த பாம்பும் ஆகாது. அங்கிருந்தே சொன்னார்: “கேசு கேசா இருக்கட்டும். இவன் செத்துப்போயி நான் ஜெயிச்சு என்ன பண்றது? டிரைவரைக் கூப்பிடு. காரை எடுக்கச் சொல்லு.”

இதை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா கார் தர மறுக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் என்று ஊர் என்னைப் பார்த்தது அன்றுதான். நான் உள்ளே போய் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்தேன். தலை நசுங்கியிருந்தது. உடம்பு போதும். கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்ட, விஷமில்லாத பாம்பு ஒன்று உண்டு; வீட்டுக் கூரையில் பல்லி பிடிக்க வரும். இரண்டையும் பிரிப்பது முதுகின் நடு வரிசைச் செதில்கள். கட்டுவிரியனுக்கு அவை பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். கண்ணாடியில் அவை மிகத் தெளிவாகத் தெரிந்தன. பாடப்புத்தகப் படத்தில்கூட அவ்வளவு தெளிவாக இருக்காது.

“இது பல்லி பிடிக்கிற பாம்பு. விஷம் இல்லை” என்றேன்.

என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

“நெசமாவாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் சிரிப்பார்கள், அப்பா.”

மருதையன்தான் முதலில் சிரித்தார். “நல்லதாப் போச்சு. ஐயா காருல ஏறினா எனக்கு வாந்தி வரும். அப்புறம் அதுக்கு ஒரு கேசு போடுவாரு.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நீலாம்பாள் மட்டும் கேட்கவில்லை. எதற்கும் ஒரு முடிச்சு போகட்டும் என்று மருதையனின் தம்பி இராஜாங்கத்தைத் துரைக்கண்ணுவிடம் விரட்டினாள். போகட்டும் என்று நானும் சொன்னேன். போக வேண்டும் அல்லவா?

நான் அவர்கள் தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே போனதில்லை. எனக்குப் பாய் விரித்தார்கள். ஒருத்தி இளநீர் சீவிக் கொடுத்தாள். அவ்வளவு பேர் நடுவில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் புதிது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

மருதையனுக்கு முதலில் வயிறு வலித்தது. காலையில் குடித்த கஞ்சி என்றார்கள். பிறகு இமைகள் இறங்கின.

“சின்னம்மா, கண்ணு சொக்குதே?” என்று நீலாம்பாள் கேட்டாள்.

“அறுப்புக் களைப்பு. தூங்கட்டும்” என்றேன்.

இராஜாங்கம் திரும்பி வந்தான். “முடிச்சு அவுந்துடுச்சு, அண்ணி. பயமில்லன்னாரு” என்றான். மருதையன் ஏதோ சொல்ல வந்தார்; நாக்கு புரளவில்லை. கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் நேரம் இருந்தது. கார் வாசலில்தான் நின்றது. நான் அவர் சாக வேண்டும் என்று விரும்பவில்லை, சார். உண்மையில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் எனக்கு அதைவிட ஆச்சரியம் இருந்திருக்காது. துரைக்கண்ணுவுக்கு நான் நியாயமான வாய்ப்புக் கொடுத்தேன். பிற்பகலில் மூச்சு நின்றது.

இனி ஊருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியபோது அவர்கள் வேறு ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். துரைக்கண்ணு “எந்தப் பூச்சி?” என்று கேட்டிருக்கிறார். “விஷமில்லாததாம், சின்னம்மா சொன்னாங்க” என்று இராஜாங்கம் சொல்லியிருக்கிறான். அவர் அதற்கு உண்டான சின்ன மந்திரத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். விரியன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்றது ஊர்.

இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். காரை நிறுத்தச் சொன்ன பொய் துரைக்கண்ணுவின் காதுக்கும் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வழக்கத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன்.

நீலாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ன பண்ணுவீங்க, சின்னம்மா. புத்தகத்துல அப்பிடிப் போட்டிருந்துச்சு” என்றாள். அந்தக் கை சூடாக இருந்தது. புத்தகத்தில் சரியாகத்தான் போட்டிருந்தது என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை.

பிறகு துரைக்கண்ணு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மனசுல வச்சுக்காதீங்க, பாப்பா. தெரியாம சொன்னதுதானே. பூச்சியப் பாத்துச் சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு வாக்குப் போயிடுச்சு. வேற பூச்சின்னு முடிச்சைத் தொட்டதுமே தெரிஞ்சிருக்கணும். தெரியல. இனிமே யாரு வந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னுடுவேன். முடிச்சைத் தொட மாட்டேன்.”

சொன்னபடியே செய்தார். அதன்பின் கடிபட்டவர்கள் எல்லோரும் நேராகத் தஞ்சாவூர் போனார்கள். யாரும் சாகவில்லை. இதோடு திருப்தியடைந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. மக்கள் பிழைக்க வேண்டும் என்பதுதானே உன் நோக்கம் என்று கேட்பீர்கள். அதுதான் என் நோக்கம். ஆனால் அவர் தம் மந்திரம் பொய் என்று நிறுத்தவில்லையே. தமக்குத் தகுதி போய்விட்டது என்று நிறுத்தினார். மந்திரம் அப்படியே நிற்கிறது. நாளைக்கு இன்னொருவர் முடிச்சை அவிழ்க்க உட்காருவார். அதோடு, எனக்குப் பாம்பு தெரியாது என்றும் ஊர் முடிவு கட்டிவிட்டது. குளத்தங்கரையில் பெண்கள் என்னைப் பார்த்ததும் இரக்கத்தோடு பேச்சை நிறுத்தினார்கள்.

என் நடை அதிகமாயிற்று. பாதத்தில் தோல் உரிந்தது. நெல் பத்தாயத்துக்குப் பின்னால் எலிக்காக வந்த பாம்பை நான் பார்த்தது அப்படி நடக்கும்போதுதான். மறுபடியும் கட்டுவிரியன். பகலில் அது சோம்பேறி. தொட்டால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு சுருண்டுவிடும். முறத்தால் தள்ளி ஒரு பானையில் விட்டு வாயைத் துணியால் வேடு கட்டுவது பெரிய வேலையாக இல்லை. தவளைகளைப் பிடித்துக் கொடுத்தேன், தின்னவில்லை.

இந்த முறை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பூச்சியின் பெயர் அவரிடம் சரியாகப் போய்ச் சேர வேண்டும். ஆஸ்பத்திரி குறுக்கே வரக் கூடாது. கடிபடுகிறவர் அவர் மறுக்க முடியாத ஆளாக இருக்க வேண்டும்.

சங்கம் நிலத்தில் இறங்கும் போராட்டம் அறிவித்திருந்தது. அன்று பஸ் ஓடாது, சாலையில் மரத்தை வெட்டிப் போடுவார்கள் என்று பேச்சு. நிலக்காரர்கள் கூட்டத்துக்காக அப்பா காரோடு முதல் நாளே தஞ்சாவூர் போய்விட்டார். அமிர்தத்தின் பசு கன்று போட்டிருந்தது. தவிடு தருகிறேன், வா என்று சொல்லி அனுப்பினேன். விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். மூடி போட்ட ஓலைப்பெட்டியைக் கொடுத்தேன்.

“என்னக்கா, இவ்வளவு அளந்துட்டீங்க? ஐயாவுக்குத் தெரிஞ்சா உங்களைத்தான் விப்பாரு.” தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள். “அப்பா சரியாப் பேசுறதேயில்லக்கா. ஒருதரம் வாங்களேன். உங்க மேல வருத்தமில்ல அவருக்கு. நீங்க வந்தா மனசு ஆறும்.”

“வருகிறேன். மாட்டுக்கொட்டகையில் போய்த் திற. வழியில் திறந்தால் காற்றுப் பட்டுத் தவிடு கெட்டுவிடும்” என்றேன்.

கொஞ்ச தூரம் விட்டு நானும் போனேன். கொட்டகை இருட்டாக இருந்தது. கையை விட்டுத்தான் அள்ளினாள். சத்தம் பெரிதாக இல்லை. எறும்பு கடித்தது மாதிரி “ஆ” என்றாள். பிறகு பெட்டியைக் கீழே போட்டாள்.

நான் புடவை முனையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். வழியில் யாரோடும் பேசவில்லை. துரைக்கண்ணுவின் முன்னால் போய் நின்றேன். “அமிர்தத்தைப் பூச்சி தொட்டுவிட்டது” என்றேன். அவர் “எந்தப் பூச்சி?” என்று கேட்கவில்லை. நானே சொன்னேன்: “கட்டுவிரியன். சந்தேகமே இல்லை. நானே பார்த்தேன்.” புடவை முனையை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை, சார். என்னைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் போகும் புது ஆற்றுச் சாலையைப் பார்த்து ஓடினார்.

“மந்திரத்தைச் சொல்லுங்கள், முதலில் மந்திரத்தைச் சொல்லுங்கள்” என்று பின்னாலேயே ஓடினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

அமிர்தம் முதலில் பேசிக்கொண்டுதான் வந்தாள். “எறக்கி விடுப்பா, நடக்குறேன். கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டுப் போயிடும்.” சாலையில் பஸ் இல்லை, லாரி இல்லை. மரம் குறுக்கே கிடந்தது. மறியலில் இருந்தவர்களில் இராஜாங்கமும் இருந்தான். அவளைப் பார்த்ததும் கொடியைக் கீழே போட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடினான். மற்றவர்கள் ஒரு கட்டிலைக் கொண்டுவந்தார்கள். மாற்றி மாற்றித் தூக்கினோம். நானும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தேன். இமைகள் இறங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு மதகுக்குப் பக்கத்தில் கட்டிலை இறக்கச் சொன்னார் துரைக்கண்ணு. அவளை மடியில் எடுத்துக்கொண்டார்.

அப்போது அவர் வாய் அசைய ஆரம்பித்தது. கடைசியில் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து காதைக் கொடுத்தேன். ஒரு சொல்லும் தப்பிப் போகக் கூடாது.

மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மட்டும்தான். இராஜாங்கம் மாட்டுவண்டியோடு வந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை; அப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். மருதையனைக் கடித்தது கட்டுவிரியன் என்று தெரிந்தே காரை நிறுத்தியது நான். பெட்டியில் பாம்பை வைத்தது நான். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும், சார். துரைக்கண்ணுவின் மந்திரம் பொய் என்று காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு முறை பெயர் தவறாகப் போனது. இன்னொரு முறை அவர் சொல்லவேயில்லை. இரண்டும் செல்லாது. ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு மனம் வராது.